மலையைத் தட்டையாக்கும் ஒட்டுவேலை

ட்ரோனைப் பறக்கவிட்டு நூற்றுக்கணக்கில் படமெடுத்து, அவற்றை ஒரே படமாக ஒட்டித் தரும் வேலை சமவெளி வயலில் பிசகில்லாமல் நடக்கிறது. போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் அதுவே திணறுகிறது.

பயன் இல்லாமலில்லை. தோட்டம் மலையிலும் வீடு போடியிலுமாக இருப்பவருக்கு, மண் சரிந்த இடமும் நிழல் மரம் விழுந்து வெயில் இறங்கும் இடைவெளியும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. நாள் முழுக்க நடந்தாலும் இப்படி மொத்தமாகப் பார்க்க முடியாது.

சிக்கல் சரிவில் இருக்கிறது. அடிவாரத்தில் கிளம்பி, அதே மட்டத்தில் 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனுக்குக் கீழே தரை 60 மீட்டர் ஏறிவிட்டால், மிஞ்சுவது 40 மீட்டர்தான். ஒவ்வொரு படமும் பிடிக்கும் பரப்பு சுருங்கிவிடும். அடுத்தடுத்த படங்கள் 75 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி போட்ட கணக்கு 37-க்கு இறங்கும். பொதுப் புள்ளிகளைத் தேடி இணைக்கும் மென்பொருளுக்கு அது போதாது. தரையின் ஏற்றத்துக்கேற்ப ட்ரோனை உயர்த்தி ஓட்டினால் இதைச் சமாளிக்கலாம். காற்றை என்ன செய்வது? ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கிளை அசைந்தால், ஒரே மரம் இரண்டாகத் தெரியும். ஏலச்செடியோ மரநிழலில் வளர்வது. படத்தில் விழுவது மர உச்சிதான், சரம் பிடித்த தூர் அல்ல. செடிக் கணக்கை இதிலிருந்து எடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பரப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 30 டிகிரி சரிவில் 100 ஏக்கர் மேற்பரப்பு, தட்டையாக்கிய படத்தில் ஏறத்தாழ 87 ஏக்கராகும். நில அளவைக்கு அந்தத் தட்டைக் கணக்கே சரி. அதே படத்தில் ஒற்றையடிப் பாதையை அளந்து காய் எடுப்பவர்களின் நடையைக் கணக்கிட்டால், அவர்கள் ஏறி இறங்கும் தூரம் குறைந்து போகும்.

படங்களை ஒட்டித் தட்டையாக்குவது புதிதல்ல. ஒளிப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கும் மேல் நீளமாக ஒட்டினார். கோயிலைச் சுற்றி மூலை திரும்பி ஓடும் எழுத்து, அதில் ஒரே நேர்கோடாகிவிட்டது. ஆனாலும் அது தாளோடு தாள் ஒட்டியது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். இன்றைய மென்பொருள் ஒட்டை மறைப்பதையே திறமையாகக் காட்டுகிறது. நிறத்தைச் சமன்செய்து, படம் கிடைக்காத இடத்தைப் பக்கத்துப் பச்சையால் நிரப்பியும் விடுகிறது. வாங்குபவர் பளபளப்பான இறுதிப் படத்தோடு நின்றுவிடாமல், மூலப் படங்களையும் எங்கெங்கே ஒட்டினார்கள் என்று காட்டும் வரைபடத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.