கிருஷ்ண பிள்ளையின் இனிஷியல்

‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டு நமது இலக்கிய வரலாற்றுக்காரர்கள் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையைப் படிக்கிற பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். கம்பனோடு ஒப்பிட்டாயிற்று, ‘கிறிஸ்தவ இலக்கியம்’ என்ற அலமாரியில் வைத்தாயிற்று, அடுத்த ஆசிரியருக்குப் போகலாம். சைவ, வைஷ்ணவ நூல்களை நாம் ‘தமிழ்’ என்கிறோம்; இவரை மட்டும் அடைமொழியோடு உள்ளே விடுகிறோம்.

இவருடைய பிரச்னை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1827ல் திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கரையிருப்பில் ஒரு வைஷ்ணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனவர். 1858ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரெட் என்ற புதுப் பெயர் இரண்டு எழுத்துகளாகச் சுருங்கி முன்னால் போய் நின்றுகொண்டது. தமிழனுக்கு இனிஷியல் நிற்கிற இடம் ஊருக்கும் தகப்பனுக்கும் உரியது. அந்த இடத்தில் புது மதம் உட்கார்ந்தது. நடுவில் கிருஷ்ணன் கிருஷ்ணனாகவே இருந்தான். கடைசியில் ‘பிள்ளை’யும் போகவில்லை. (பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழ் நகலோடு என் கவுண்டருக்கு வருவதுண்டு. படிவத்தில் புதுப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுகிறவர்கள் கையெழுத்தில் பழைய பெயரின் சுழிப்பையே போடுகிறார்கள். வங்கிக்கு இது ஒரு தொல்லை.)

ஞானஸ்நானத்துக்கு முப்பத்தாறு வருஷம் கழித்து, 1894ல், ‘இரட்சணிய யாத்திரிகம்’ புத்தகமாக வந்தது. ஐந்து பருவங்கள், 3,700க்கும் மேற்பட்ட செய்யுள்கள். மூலம், பன்யன் 1678ல் வெளியிட்ட உரைநடைக் கதை. பன்யன் ஈயம் பூசுகிறவர். பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். அவர் காட்டும் யாத்திரிகன் மனைவி மக்களின் கூப்பாடு கேட்காமலிருக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் சந்தைத் தெருவில் பார்க்கிற மனிதர்கள். பேச்சும் சந்தைப் பேச்சு. கிருஷ்ண பிள்ளையின் விருத்தம் இவர்களுக்குப் பட்டுச் சால்வை போர்த்திவிடுகிறது. உரையாடல் வருகிற படலங்களில் பல எனக்கு வெறும் யாப்புப் பயிற்சியாகவே படுகின்றன. பன்யனிடம் இல்லாத ஒரு காரியத்தை — கிறிஸ்துவின் பாடுகளை சுவிசேஷங்களிலிருந்து எடுத்து — குமார பருவத்தில் விரித்துச் சொல்லும்போதுதான் காவியத்துக்குள் ரத்தம் ஓடுகிறது.

ஏன் இப்படி? யாத்திரை என்ற உருவமே இவருடைய அனுபவத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். பன்யனின் கிறிஸ்தவன் நடக்கிறான். நாசபுரியில் கிளம்பி மோட்ச நகரில் போய்ச் சேருகிறான். தமிழ் பக்தன் நடந்து சேருகிறவனல்ல. அவன் ஆட்கொள்ளப்படுகிறவன். சுந்தரரைத் திருவெண்ணெய்நல்லூர்க் கிழவன் அடிமை ஓலையைக் காட்டி வழக்காடிப் பிடிக்கிறான். மணக்கோலத்தில் இருந்தவருக்கு அதில் சம்மதம் கேட்கப்படவில்லை. ஏற்றுக்கொள்ளப்படுதல் என்பதற்குத் தமிழ் அனுபவத்தில் இருக்கிற வினை இதுதான், அதுவும் செயப்பாட்டு வினை. கிருஷ்ண பிள்ளை ஆங்கிலேயரின் நடைபாதையை எடுத்துக்கொண்டு அதன் மீது இந்த வினையை ஏற்றப் பார்க்கிறார். அதனால்தான் காவியத்துக்கு நடுவே கதையை நிறுத்திவிட்டுப் பாட்டுக்கு வந்துவிடுகிறார். அந்தப் பாட்டுகளுக்கு அவர் வைத்த பெயர் தேவாரம்! வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர், கிறிஸ்துவைப் பாட, ஒரு சைவப் பெயர். மூன்று வீடுகளின் கதவும் அந்த ஒரு சொல்லில் திறந்திருக்கின்றன. 1899ல் வந்த ‘இரட்சணிய மனோகரம்’ கதையை முற்றிலும் உதறிவிட்டுத் துதியாகவே நிற்கிறது. காவியத்தை விட இதுவே அவருடைய நல்ல நூல் என்பேன். அடுத்த வருஷம் அவர் இறந்தார். அதே 1900ல் போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. ஒருவர் உள்ளேயிருந்து வெளியே போன பாதையில் இன்னொருவர் வெளியேயிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்.

நான் இருக்கிற திருவண்ணாமலையில் இதற்கு நேர் எதிரான ஒருவர் வந்து தங்கினார். ஆன்றி லெ சோ, பிரெஞ்சு பெனடிக்டின் துறவி. 1948ல் இந்தியா வந்து, 1949 ஜனவரியில் ரமணரைப் பார்த்தார். பிறகு குளித்தலை அருகே மோன்ஷனினுடன் சாந்திவனம் தொடங்கினாலும், ஐம்பதுகளில் திரும்பத் திரும்ப இந்த மலையின் குகைகளுக்கு வந்து உட்கார்ந்தார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார், திருப்பலியையும் விடவில்லை. 1973ல் இந்தூரில் இறந்த பிறகு, 1986ல் பிரெஞ்சில் வெளியான நாட்குறிப்பு அவருடைய புத்தகங்களிலேயே முக்கியமானது — இரண்டில் எங்கே தான் சேர்ந்தவன் என்று தீராத தவிப்பு அதில் உண்டு. பதினாலு கிலோமீட்டர் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வருகிற கிரிவலத்தில் போய்ச் சேரும் நகரம் கிடையாது. ஆனால் அவருக்குத் தவிப்பை எழுத நாட்குறிப்புதான் இருந்தது. கிருஷ்ண பிள்ளைக்குப் பதிகம் இருந்தது. பதிகம் தனிமனிதனின் தவிப்பைப் பல நூற்றாண்டுக் குரல்களோடு சேர்த்துப் பாட வைக்கிறது. சேர்ந்திருத்தல் அங்கே ஓசையாகவே நடந்துவிடுகிறது.

இந்த வசதி எல்லோருக்கும் கிடைத்ததா என்று கேட்டால், பாமாவின் ‘கருக்கு’ இருக்கிறது. 1992ல் வந்த அந்தப் புத்தகத்தில் பேசுகிறவள் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். மதம் மாற வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. தன் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று கன்னியர் மடத்துக்குப் போகிறாள். மடத்துக்குள்ளும் சாதி இருக்கிறது. கிருஷ்ண பிள்ளையோடு கூடவே மதத்துக்குள் வந்த அந்த ‘பிள்ளை’யை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கருக்கில் பதிகம் இல்லை, விருத்தம் இல்லை. பேச்சுத் தமிழ், பன்யனுடையதைப் போன்ற தெருத் தமிழ். மடத்தை விட்டு வெளியே வந்தவள் வேலை இல்லாமல், அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறாள். அவளை ஆட்கொள்ள ஓலையோடு எந்தக் கிழவனும் வரவில்லை.