பள்ளி மருத்துவப் பரிசோதனை: தென்னேரியிலும் இலங்கையிலும்

பள்ளி மருத்துவப் பரிசோதனையில் பிள்ளைகளிடம் தென்படும் குறைகள் பாக் நீரிணையின் இரு கரையிலும் பெரும்பாலும் ஒன்றே: சொத்தைப்பல், இரத்தசோகை, வயதுக்கேற்ற எடையும் உயரமும் இல்லாமை, பார்வைக்குறைவு, குடற்புழு, சிரங்கு, தலைப்பேன், காதில் சீழ். அண்மைக்காலத்தில் உடற்பருமனும் சேர்ந்துள்ளது. இவற்றில் பலவற்றைப் பிள்ளை தானாகச் சொல்வதில்லை. கரும்பலகை எல்லோருக்கும் மங்கலாகத்தான் தெரியும் என்று நம்பும் குழந்தை, படிப்பில் மந்தம் என்ற பெயரை வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி போன்ற ஏரிப்பாசன ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்கு, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் கொண்ட நடமாடும் குழு வண்டியில் வருகிறது. பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை, அங்கன்வாடிக்கு இரு முறை என்பது விதி. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு வகையில் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். தனியார் பள்ளிகள் இத்திட்டத்துக்கு வெளியே நிற்பது பெரிய குறை.

இலங்கையில் இப்பணி சுகாதார வைத்திய அதிகாரி பிரிவைச் சார்ந்தது. தரம் 1, 4, 7, 10 மாணவர் பரிசோதிக்கப்படுவர். 200க்கும் குறைவான மாணவர் படிக்கும் பாடசாலையில் எல்லாத் தரத்தினரும் ஆண்டுதோறும். உயரம், எடை, பார்வை முதலிய முதற்கட்டச் சோதனைகளைச் செய்பவர் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பாடசாலையின் குடிநீரையும் கழிப்பறையையும் பார்வையிடுபவரும் அவரே. ஆகவே ஒரு வகுப்பில் வயிற்றுப்போக்கோ குடற்புழுவோ மிகுந்தால், பிள்ளையின் வயிற்றோடு கிணற்றையும் சேர்த்து நோக்க அவரால் முடிகிறது. வெளியிலிருந்து வந்து போகும் குழுவுக்கு இது எளிதல்ல.

பல் விஷயத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. இலங்கையில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்ற தனிப்பணியே உண்டு. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் அவர்களே சொத்தையை அடைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைக்குக் கிடைப்பது பரிந்துரைச் சீட்டு. வலி பொறுக்க முடியாமல் போனபின் பல்லைப் பிடுங்குவதில்தான் அது பெரும்பாலும் முடிகிறது.

கண்ணைப் பொறுத்தவரை தமிழ்நாட்டு முறை வலுவானது. இலங்கையில் தரம் 4இல் நன்றாகப் பார்த்த பிள்ளைக்கு மறு ஆண்டே கிட்டப்பார்வை தொடங்கினால், பெரிய பாடசாலையில் ஆசிரியர் கவனித்தால் ஒழிய, தரம் 7 வரை அது தெரியாமலே போகலாம். தமிழ்நாட்டில் ஆண்டுச் சோதனையும் அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தின் இலவசக் கண்ணாடியும் அந்த இடைவெளியைக் குறைக்கின்றன. இரத்தசோகைக்கு இரு நாடுகளும் பள்ளியிலேயே வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தருகின்றன; குடற்புழுவுக்கு இந்தியாவில் அல்பெண்டசோலும் இலங்கையில் மெபெண்டசோலும் வழக்கம்.

இரு நாட்டிலும் சங்கிலி அறுவது சீட்டு எழுதிய பிறகுதான். தென்னேரியிலிருந்து காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துப்போக, கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். சீட்டு பெற்ற பிள்ளை மருத்துவரிடம் போனதா என்று கேட்கும் பொறுப்பை, பெயர் சொல்லி ஒருவரிடம் பள்ளி ஒப்படைக்க வேண்டும்.