கருவட்டமும் வெண்ணிழைகளும்

முழுச் சூரிய கிரகணத்தைப் படம் எடுப்பவரைப் பாடாய்ப் படுத்துவது சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டமான கொரோனாதான். விளிம்பருகே பளீரென்று இருக்கும். சூரியனின் சில விட்டம் தள்ளிப் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூட இராது. ஒற்றைப் படத்தில் இரண்டும் சிக்காது. அதனால் முழுமறைப்பு தொடங்கியதும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஆயிரத்தில் ஒரு நொடி முதல் இரண்டு நொடி வரை ஒளிபடும் நேரத்தை மாற்றி மாற்றி எடுத்துத் தள்ளுகிறார்கள்.

மீதி வேலை கணினியில். செக் நாட்டுக் கணிதப் பேராசிரியர் மிலோஸ்லாவ் ட்ரூக்முல்லர் இதில் மன்னன். படங்களை அடுக்கும்போது நிலவின் விளிம்பை நம்ப முடியாது, அது நகர்ந்துகொண்டே இருக்கும். அவர் கொரோனாவையே வைத்துப் பொருத்துகிறார். அப்படிக் கிடைக்கும் படத்தில்தான் எத்தனை நுணுக்கம்: காந்தப்புலத்தின் போக்கில் வளைந்தோடும் வெண்ணிழைகள், விளிம்பில் ரோஜா நிறச் சுடர்கள், கருவட்டத்துக்குள் பூமியொளியில் தெரியும் நிலவின் கறைத் திட்டுகள்! கூர்மையை ஏற்றி ஏற்றி கொரோனாவைக் கம்பிக்கற்றை ஆக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுமறைப்பு. போகிறவர்கள் அதில் ஒரு நிமிடமாவது கேமராவை விட்டுவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். சூரியன் மீண்டும் எட்டிப் பார்ப்பதற்குள் கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.