அட்ஜஸ்ட்மெண்ட் என்னும் சொல்லாடல்

தமிழில் 'அனுசரித்துப் போ' என்று யாருக்குச் சொல்கிறோம்? புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா' என்று அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் ஓதி அனுப்புகிறார்கள். வீட்டிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. அது இருந்தபடியே இருக்கும், வந்தவள்தான் மாறவேண்டும். அயல்நாடு போய்ப் பணிபுரியும் சமூகப் பணியாளர்களின் 'பண்பாட்டுத் தகவமைப்பு' பற்றி எழுதப்படுபவற்றை வாசிக்கிறபோது எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வீடு யாருடையது என்ற கேள்வி அங்கும் பெரும்பாலும் எழுவதில்லை.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்வோம். இந்தியா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ் எனப் பல நாடுகளிலிருந்து போனவர்கள் அங்கே சமூகப் பணியில் இருக்கிறார்கள். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் லிஸ் பெடோ, கிறிஸ்டா ஃபூஷே, ஆலன் பார்ட்லி போன்றோர் 2010களில் இவர்களைப் பற்றி எழுதியவற்றில் 'தொழில்சார் இடம்பிறழ்வு' என்றொரு கருத்தாக்கம் வருகிறது. ஊரில் அனுபவஸ்தர் என்று பெயரெடுத்தவர் அங்கே போனதும் கத்துக்குட்டி ஆகிவிடுகிறார். சட்டம் புதுசு, படிவம் புதுசு, பேச்சின் தொனி புதுசு. பயனுள்ள கருத்தாக்கம்தான். ஆனால் ஊழியரின் அனுபவத்தை மையத்தில் வைப்பதால், அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறாரோ அந்த ஆள் பார்வைக்கு வெளியே போய்விடுகிறார்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். முதலாவது, இந்தத் தொழிலே ஒரு குடியேறி. 1936இல் பம்பாயில் டாட்டா பெயரில் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரியின் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் ஓர் அமெரிக்க மிஷனரி. 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய பள்ளியும் அதே துறையைத்தான் இங்கே வளர்த்தது. ஆகவே இங்கே படித்துவிட்டு ஆக்லாந்து போகிறவருக்கு மேற்கத்திய முறையியல் ஒன்றும் புதிதல்ல. புதிதாகக் கிடைப்பது அதிகாரம். இங்கே தொண்டு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ குடிசைப் பகுதியிலோ கெஞ்சிக் கூத்தாடி வேலை பார்த்தவர் கையில் அங்கே, பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதற்கான கோப்பு வருகிறது. இதைப் 'பண்பாடு' என்று சொன்னால் அரசு ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது, அந்த அரசின் அடித்தளம். 1840இன் வைதாங்கி ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதிகள். ஆங்கிலப் பிரதியில் மாவோரித் தலைவர்கள் இறையாண்மையையே முடியாட்சிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். பெரும்பாலானோர் கையெழுத்திட்ட மாவோரிப் பிரதியில் அந்த இடத்தில் இருப்பது 'ஆளுநர்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து ஆக்கிய ஒரு சொல். நிர்வாகம் என்பதற்கு மேல் அதற்கு வலு இல்லை. தலைமை உரிமை தங்களிடமே இருக்கிறது என்று நம்பித்தான் அவர்கள் ஒப்பமிட்டார்கள். மொழிபெயர்ப்பு அரசியல்தான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்தப் பிளவின்மேல்தான் குழந்தைநலத் துறை நிற்கிறது. ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழுவின் 1988 அறிக்கை சமூகநலத் துறைக்குள்ளேயே நிறுவனமயமான இனவாதம் இருப்பதாகச் சொன்னது. அதையடுத்து 1989இல் வந்த சட்டம் குடும்பக் கூட்டத்துக்கு இடம் தந்தது. ஆனாலும் 2019 மே மாதம் ஹேஸ்டிங்ஸ் மருத்துவமனையில் ஒரு மாவோரித் தாயிடமிருந்து பச்சைக்குழந்தையை எடுத்துப்போக அதிகாரிகள் முயன்றார்கள், நாடே கொதித்தது. ஒப்பந்த மீறல்கள் நடந்திருப்பதாக வைதாங்கித் தீர்ப்பாயம் 2021இல் கூறியது. 2024இல் அரச விசாரணை ஆணையம், 1950க்கும் 2019க்கும் இடையில் அரசு, மத நிறுவனங்களின் பராமரிப்பிலிருந்த சுமார் 6,55,000 பேரில் 2,00,000 பேர்வரை வன்கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டது.

நம்மூர்ப் பட்டதாரி அனுசரித்துப் போகவேண்டியது இந்த நிறுவனத்தோடா, இந்த நிறுவனத்தை எதிர்த்து நிற்கும் மண்ணின் மக்களோடா? இரண்டும் ஒன்றல்ல. முன்னதற்கு ஒத்துப்போகப் போக, பின்னதிலிருந்து அவர் விலகிக்கொண்டே போகக்கூடும். பதிவு பெற மாவோரிகளுடன் பணிபுரியும் தகுதி வேண்டும் என்கிறது விதி. 2021 பிப்ரவரியிலிருந்து பதிவும் கட்டாயம். நல்லதுதான். ஆனால் ஓர் அரசியல் உறவு 'தகுதி'யாகச் சுருங்கும்போது படிவத்தில் இன்னொரு கட்டமாக ஆகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

நம்மவர்கள் சுலபமாக விழுகிற குழி ஒன்றும் உண்டு. 'ஃபானவ்' என்ற மாவோரிக் குடும்ப அமைப்பைப் பார்த்ததும், 'அட, நம்ம கூட்டுக்குடும்பம் மாதிரிதானே' என்று தோன்றலாம். அது மண்ணோடும் மூதாதையரோடும் இறையாண்மைக் கோரிக்கையோடும் பிணைந்தது. நம் கூட்டுக்குடும்பம் சாதியோடும் சொத்தோடும் பிணைந்தது. சொந்தச் சாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகப் பாவித்துக்கொண்டு, பெரியவர் சொல் கேட்கும் 'கீழை மரபு' என்று இரண்டையும் ஒரே பானையில் போடுவது மாவோரிகளுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். கூடவே, நம் வீட்டுக்குள்ளிருக்கும் ஒடுக்குமுறைக்கும் வெள்ளையடித்த மாதிரி ஆகும்.

குடியேறிய ஊழியரை வெறும் குற்றவாளியாக நிறுத்துவது என் நோக்கமல்ல. வேலையைச் சார்ந்த விசாவில் இருப்பவர் வேலை போனால் நாட்டை விட்டே போகவேண்டி வரலாம். மேலாளரிடம் 'இது சரியில்லை' என்று சொல்ல அவருக்கு நா எழாது. அதே ஆள் மறுநாள் இன்னொருத்தி வீட்டு வாசலில் அரசாக நிற்கிறார். பயப்படுகிறவர், பயமுறுத்துகிறவர் என்ற இரண்டு தன்னிலைகள் ஓர் உடம்பில். விசா பயம்தான் அவரை மறுபேச்சில்லாத அதிகாரியாக்குகிறது. தகவமைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் முடிச்சவிழ்க்க வேண்டிய இடம் இது. வந்தவருக்கு மூன்று நாள் பண்பாட்டுப் பயிற்சி கொடுத்தால் இது அவிழாது. மறுத்துப் பேசினால் வேலை போகாது என்ற உத்தரவாதம் அவருக்கு வேண்டும். பிள்ளைகள் பற்றிய முடிவு மாவோரிகள் கையில் இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே கோரிக்கையாக வைக்கும் தொழிற்சங்க அரசியலைப் பற்றி இனியாவது நாம் பேசத் தொடங்கவேண்டும்.