லேப் டைமும் ஓட்டும் இன்பமும்: மூன்று கார்களுக்கு ஒரு தீர்ப்பு

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை பங்காருபேட்டைப் பக்கம் வந்துவிட்டது. ஹொஸ்கோட்டேயிலிருந்து பேத்தமங்கலம் வரை 71 கிலோமீட்டருக்குக் கர்நாடகப் பகுதி தயார். இப்படி ஒரு சாலையைப் பார்த்ததும் எந்தக் கார் மிக வேகமானது என்ற கேள்வி இளைஞர்களுக்கு எழுவது இயல்பு. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: மிக வேகமான கார்தான் ஓட்டுவதற்கும் மிக இனிய காரா?

இதை மூன்று கார்களை வைத்து எடைபோடலாம். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி ஆர்: முன்பக்கம் 4 லிட்டர் வி8 டர்போ எஞ்சின், 585 குதிரைத்திறன். போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ்: பின்பக்கம் 3.8 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின், 700 குதிரைத்திறன். போர்ஷே 718 கேமன் ஜிடி4: ஓட்டுநருக்குப் பின்னால், காரின் நடுவில் டர்போ இல்லாத 4 லிட்டர் எஞ்சின், 420 குதிரைத்திறன். மூன்றிலும் விசை பின்சக்கரங்களுக்கே போகிறது.

முதலில் வேகம். கிரேட்டர் நொய்டாவில் உள்ள 5.125 கிலோமீட்டர் புத்தா பந்தயத்தடத்தில் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் ஏஎம்ஜி ஜிடி ஆரை 2 நிமிடம் 9.853 வினாடியில் ஓட்டினார். பின்னர் ஜிடி2 ஆர்எஸ்ஸை 2 நிமிடம் 0.26 வினாடியில் ஓட்டினார். சராசரி வேகமாகக் கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 142 கிலோமீட்டருக்கு எதிராக 153. நாளும் வெப்பமும் வேறு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே தடத்தில், ஒரே கைகளில் ஒன்பதரை வினாடி இடைவெளியை வானிலை உண்டாக்கிவிடாது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கும் இதையே சொல்கிறது: ஜிடி2 ஆர்எஸ் 6 நிமிடம் 47.3 வினாடி, ஏஎம்ஜி 7 நிமிடம் 10.9, ஜிடி4 ஏழரை நிமிடத்தை ஒட்டி. வேகத்தில் போட்டியே இல்லை.

ஆனால் லேப் டைம் என்பது கைதேர்ந்த ஒருவர் ஒரே ஒரு சுற்றில் காரிலிருந்து எவ்வளவு கறந்தார் என்பதற்கான அளவு. ஓட்டும் இன்பத்துக்கு வேறு அளவுகோல்கள் வேண்டும். நான் மூன்றை வைக்கிறேன். டயர் பிடிமானம் இழக்கப்போவதைக் கார் முன்கூட்டியே உணர்த்துகிறதா? ஓட்டுநருக்குச் செய்ய வேலை மிச்சம் வைக்கிறதா? அதன் திறனில் எவ்வளவை நம்மால் பயன்படுத்த முடியும்?

ஜிடி2 ஆர்எஸ் மூன்றாவதில் தோற்கிறது. 1,470 கிலோ எடைக்கு 700 குதிரைத்திறன். டர்போ கொட்டும் விசை மொத்தமும் பின்சக்கரங்களுக்கு. வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைச் சற்று முன்னதாக மிதித்தாலும் விலை பெரிது. கியரையும் இரட்டை கிளட்ச் பெட்டியே மாற்றிவிடுகிறது. ஏஎம்ஜி இதில் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: சக்கரம் எவ்வளவு வழுக்கலாம் என்பதை ஒன்பது படிகளில் திருகி வைத்துக்கொள்ளலாம். படிப்படியாகக் கற்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஓட்டுநர் இருக்கை ஏறக்குறைய பின்னச்சின் மேல் இருப்பதால், நீண்ட முன்பகுதி எங்கே திரும்புகிறது என்று பழகவே நாளாகும்.

ஜிடி4-இல் கியரை இடக்கையால் மாற்றலாம், கிளட்சைக் காலால் மிதிக்கலாம். டர்போ இல்லாததால் மிதித்த அளவுக்கு, மிதித்த கணத்தில் விசை வருகிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை எஞ்சின் சீராக ஏறுகிறது. வேகத்தில் பின்தங்கும் இந்தக் கார் என் மூன்று கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொல்கிறது.

அதன் குறையையும் மறைக்கக் கூடாது. கியர் விகிதங்கள் மிக நீளம். இரண்டாவது கியரிலேயே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். விரைவுச்சாலையில் கார்களுக்கான வரம்போ 120. அதாவது பங்காருபேட்டையைக் கடக்கும்போது மூன்றாவது கியருக்கு அவசியமே வராது. நேர்கோடாகப் போகும் அந்தச் சாலையில் இந்த மூன்று கார்களின் வித்தியாசமும் தெரியாது. வரம்பை மீறினால்தான் தெரியும், அதற்கான விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் வேறு யாரோ. ஆகவே இந்தக் கார்களுக்கு உரிய இடம் பந்தயத்தடம் ஒன்றுதான். நமக்கு அதே வழியில் சென்னைக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது: 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அங்கே நேர்ப்பாதைகளைவிட வளைவுகளுக்கே வேலை அதிகம். 700 குதிரைத்திறனை முழுமையாக அவிழ்த்துவிட இடம் குறைவு. 420 தாராளமாகப் போதும்.

சக்தி குறைந்தால் சுவை குறையும் என்பார்கள். நம் மண்ணின் வரலாறு அதை ஏற்கவில்லை. கோவையில் கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார், மாருதி 800-இன் சிறிய எஞ்சினால் ஓடியது. புத்தாவில் அந்த இரண்டு நேரங்களையும் பதித்த நரேன் தொடக்கக் காலத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். விசை குறைவான காரில் வளைவுக்குள் இழந்த வேகத்தை எஞ்சின் மீட்டுத் தராது. பிரேக்கை எங்கே விடுவது, எந்தக் கோட்டில் திரும்புவது என்பதை ஓட்டுநரே சரியாகச் செய்தாக வேண்டும். கற்பதும் அங்கேதான், களிப்பதும் அங்கேதான்.

தீர்ப்பு இது. கடிகாரத்தின் முன் ஜிடி2 ஆர்எஸ் வெல்கிறது, தயக்கமின்றி. ஏஎம்ஜி இரண்டு கணக்கிலும் நடுவில் நிற்கிறது. ஓட்டும் இன்பத்தில் ஜிடி4 முதலிடம்; நம் தடங்களையும் நம் கைகளின் திறனையும் சேர்த்து எடைபோட்டால் ஒட்டுமொத்தமாகவும் அதுவே முதலிடம். அரை வினாடியைக் குறைக்க இன்னும் நூறு குதிரைத்திறன் தேடுபவர், அதற்கு முன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டட்டும். வேகமும் கூடும், இன்பமும் கூடும்.