ஆய்வுத் தேதி யார் கையில்?

2013 மே 6 அன்று கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பதினைந்து கட்டளைகள் உண்டு. இந்திய அணுமின் கழகமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நிலையத்தை ஆய்வு செய்ய வேண்டும், குறை தென்பட்டால் உடனே சரிசெய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உலை வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய சண்டையில் இந்த வரி அதிகம் பேசப்படவில்லை. கூடங்குளத்தைச் சுற்றிய கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பயன்படக்கூடிய வரி அதுதான் என்பது என் கருத்து.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது தள்ளி நின்று பார்க்கும் விஷயம் அல்ல. திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கடலோரமாகப் போனால் சுமார் நூறு கிலோமீட்டரில் கூடங்குளம். உலைகளின் கனரக பாகங்கள் வ.உ.சி. துறைமுகம் வழியாகத்தான் போகின்றன. 2023 செப்டம்பரில் ஐந்து, ஆறாம் உலைகளுக்கான இரண்டு நீராவிக் கலன்களை ஏற்றிச்சென்ற மிதவை, இழுவைக் கயிறு அறுந்து, கூடங்குளம் அருகே பாறையில் தட்டி நின்றது. அந்தக் கயிற்றைக் கடைசியாகச் சோதித்தது யார், எப்போது? துறைமுகத்தில் வேலை பார்க்கும் எவரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

தேதி குறித்து ஆய்வு செய்வதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அணு உலையின் பாதுகாப்புக் கருவிகளில் பல, வேலையே இல்லாமல் காத்திருப்பவை. மின்சாரம் நின்றால் ஓட வேண்டிய டீசல் ஜெனரேட்டர், குழாய் உடைந்தால் நீர் செலுத்த வேண்டிய பம்ப் எல்லாம் பழுதானாலும் வெளியே தெரியாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். முப்பது நாளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் பம்ப் இடையில் எப்போதோ கெட்டுப்போயிருந்தால், சராசரியாகப் பதினைந்து நாள் அது செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாமல் போகும். கூடங்குளத்தில் உள்ள ரஷ்ய விவிஇஆர் வகை உலையில் ஒரே வேலையைச் செய்யும் பாதுகாப்புத் தொகுதிகள் நான்கு. நான்கையும் ஒரே நாளில் சோதிக்காமல் நாள் தள்ளித் தள்ளிச் சோதித்தால், எல்லாவற்றையும் சேர்த்துத் தாக்கும் குறை ஒன்று (உப்புக்காற்று அரிப்போ, தவறான எண்ணெயோ) சீக்கிரம் பிடிபடும். கூடுதலாக ஒரு பைசா செலவில்லாமல், தேதியை மாற்றி அடுக்குவதாலேயே கிடைக்கும் பாதுகாப்பு இது.

அப்படியானால் வாரந்தோறும் சோதிக்கலாமே என்று தோன்றும். அதுவும் ஆபத்துதான். குளிர்ந்து கிடக்கும் டீசல் எஞ்சினைச் சட்டென்று முழு வேகத்துக்கு முடுக்கினால் தேய்மானம் கூடும். இதனால் அத்தகைய சோதனைகளைக் குறைக்க அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே 1984-ல் முனைந்தது. இன்னொன்று இதைவிட மோசம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கியபோது, அவசர நீரூட்டும் வழியின் வால்வுகள் மூடிக் கிடந்தன. இரண்டு நாள் முன்பு நடந்த சோதனைக்காக மூடியவற்றைத் திறக்காமல் விட்டிருந்தார்கள் என்பதே பின்னர் வந்த விளக்கம். சோதித்தாயிற்று என்று பதிவேட்டில் கையெழுத்து இருந்திருக்கும், கருவிதான் தயார்நிலையில் இல்லை.

ஆக, இடைவெளி எவ்வளவு என்பது பொறியாளர்கள் கணக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ளக்கூடிய கேள்வி. என் ஐயமெல்லாம் வேறு இரண்டு இடங்களில்: பட்டியலில் எது இடம்பெறுகிறது, தேதியை யார் தள்ளிவைக்கலாம்.

ஜப்பானின் மிஹாமா நிலையத்தில் 2004 ஆகஸ்ட் 9 அன்று நீராவிப் பகுதிக் குழாய் ஒன்று வெடித்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பத்து மில்லிமீட்டர் கனமிருந்த குழாய்ச் சுவர் சுமார் ஒன்றரை மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தது. 1976-ல் உலை ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை ஒருமுறைகூட யாரும் அளந்ததில்லை, ஏனென்றால் ஆய்வுப் பட்டியலிலேயே அது விடுபட்டிருந்தது. விடுபட்டது தெரியவந்தபோது அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். குறித்த தேதிக்குச் சில நாள் முன்பு குழாய் வெடித்தது.

அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையக் கதையில் பட்டியல் சரி, தேதிதான் நகர்ந்தது. 2001 டிசம்பர் இறுதிக்குள் உலையை நிறுத்தி அழுத்தக்கலன் மூடியை ஆராயச் சொல்லியிருந்தது ஒழுங்குமுறை ஆணையம். நிறுவனம் மன்றாடியது, 2002 பிப்ரவரி வரை அவகாசம் கிடைத்தது. மார்ச்சில் பார்த்தபோது பதினாறு சென்டிமீட்டருக்கு மேல் கனமான எஃகு மூடியை போரிக் அமிலம் குடைந்து பள்ளமாக்கியிருந்தது. அழுத்தத்தைத் தாங்கி நின்றது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்பூச்சு எஃகு மட்டுமே.

நிறுவனங்கள் ஏன் மன்றாடுகின்றன என்பதும் விளங்காத புதிர் அல்ல. ஆயிரம் மெகாவாட் உலை ஒரு நாள் நின்றால் 2.4 கோடி யூனிட் போகிறது. அழுத்தக்கலன் பற்றவைப்புகள், நீராவிக் கலனின் உட்குழாய்கள் போன்றவற்றை உலை ஓடும்போது பார்க்க முடியாது. எரிபொருள் மாற்ற நிறுத்தும்போதுதான் முடியும். கூடங்குளத்தில் பன்னிரண்டு மாதச் சுழற்சியைப் பதினெட்டு மாதமாக நீட்டிக்கவென்றே 2022-ல் புதுவகை எரிபொருள் வரத் தொடங்கியது. மின் உற்பத்திக்கு நல்ல செய்தி. ஆனால் உட்பகுதியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பும் அதே அளவுக்குத் தள்ளிப்போகிறது. நீதிமன்றம் சொன்ன மூன்று மாத ஆய்வு, மூடிய உலையைச் சுற்றி நடப்பதாகவே பெரும்பாலும் இருக்கும்.

பார்க்க முடிந்த நாளில் மட்டும் பார்க்கும் இதே குறை நம் கடலிலும் வேறு வடிவில் இருந்திருக்கிறது. முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பார்களைப் பருவந்தோறும் ஆய்வு செய்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தை மதிப்பிட்டு, பிறகே முத்துக்குளிப்புக்கு நாள் குறிப்பது அன்றைய வழக்கம். ஒழுங்கான முறைதான். ஆனால் கடல் அமைதியாக இருக்கும் நாளில்தான் முங்கிப் பார்க்க முடியும். சிப்பியை அள்ளிப்போவதோ பருவக்காற்று. எதிர்க்கரையான இலங்கையில் முத்துப் பார்களை ஆராய்ந்த விலங்கியலாளர் ஹெர்ட்மன், அங்குள்ள ‘பெரிய பார்’ என்ற திட்டில் 1880-க்குப் பின் பதினோரு முறையாவது இளஞ்சிப்பி நிரம்பியும் ஒருமுறைகூடக் குளிப்பு வாய்க்கவில்லை என்று எழுதினார். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு நடந்தது 1961-ல். பார்க்க வசதியான நாளும் கேடு நடக்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. உலையிலும் அப்படித்தான். அதனால்தான் தேதி ஆய்வோடு, அதிர்வு, கசிவு, வெப்பம் ஆகியவற்றை இடைவிடாமல் அளக்கும் கருவிகளும் வேண்டியிருக்கின்றன.

இனி ஆய்வாளர் பக்கம். ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் அரசாணையால் உருவானது. அணு உலைகளைக் கட்டும் துறையின் செயலரே தலைவராக உள்ள அணுசக்தி ஆணையத்துக்குத்தான் அது பதில் சொல்லும்படி அமைக்கப்பட்டது. 2012-ல் தணிக்கைத் துறை அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியதோடு, தொழிற்சாலைக் கதிர்ப்படம், கதிர் சிகிச்சை மையங்களில் நடக்க வேண்டிய ஆய்வுகளில் 85 சதவீதம் நடக்கவில்லை என்றும் சொன்னது. அணுமின் நிலையங்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் 2015-ல் வந்த சர்வதேச அணுசக்தி முகமைக் குழு, மின்நிலையங்களிலும் நேரடி ஆய்வுகளைக் கூட்டுவது பற்றி யோசிக்கப் பரிந்துரைத்தது. நீதிமன்றத்தின் மூன்று மாதக் கணக்கு மிகையான கெடுபிடி என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

என் முடிவு இது. மூன்று மாத விதி நல்ல விதி; அதை இரண்டு மாதமாகக் குறைப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. தள்ளிவைக்கப்பட்ட ஆய்வுகள்தான் வெளியே வர வேண்டும். எந்தக் கருவி, முதலில் குறித்த தேதி எது, புதிய தேதி எது, காரணம் என்ன, ஒப்புதல் தந்த அதிகாரி யார். கருவியின் நுட்ப ரகசியம் எதுவும் இதில் வெளிப்படாது. இந்தப் பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை தமிழில், கூடங்குளம் முதல் மணப்பாடு வரையுள்ள ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வாரியம் முன்வர வேண்டும். அதுவரை, நம் சட்டமன்ற உறுப்பினர்களும் மீனவர் சங்கங்களும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த ஒரு கேள்வியைக் காலாண்டு தவறாமல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.