வலிக்கிறது, ஆனால் படத்தில் ஒன்றுமில்லை

அவசரப் பிரிவில் அன்றாடம் எழும் முரண்பாடு இது. மருத்துவரின் விரல் ஓரிடத்தை அழுத்துகிறது, நோயாளி துடித்துப்போகிறார். எக்ஸ்-ரேயிலோ எலும்பு சீராக இருக்கிறது. எதை நம்புவது? விரல் சொல்வது ஊகம், படம் காட்டுவதே உண்மை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிவிட்டது. “ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே டாக்டர்” என்று கேட்கும் குடும்பத்தாரிடமும் அது இருக்கிறது, எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடமும் இருக்கிறது. ஆதாரங்களின் முன்னால் இந்த எண்ணம் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும்?

இதை நேருக்கு நேர் சோதித்தது கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் குழுவினர் செய்த வேலை. கணுக்கால் பிசகி வருவோரில் எலும்பு முறிந்தவர்கள் சிறு பங்குதான், ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் எக்ஸ்-ரே எடுக்கப்பட்டுவந்தது. 1992இல் அவர்கள் வெளியிட்டு, பின்னர் செப்பனிட்ட விதி எளிமையானது. கணுக்காலின் இருபுறத்து எலும்பு முண்டுகளின் நுனியிலும், பின்விளிம்பில் கடைசி 6 செ.மீ. தூரத்திலும் அழுத்திப் பாருங்கள். அடிபட்டவுடனோ, மருத்துவமனைக்கு வந்த பிறகோ நோயாளியால் 4 அடி எடுத்துவைக்க முடிந்ததா என்று கேளுங்கள். எலும்பில் வலி இல்லை, நடக்கவும் முடிகிறது என்றால் கணுக்காலுக்குப் படம் வேண்டாம். நடுப்பாதத்துக்கும் இதே போக்கில் ஒரு பகுதி உண்டு. 2003இல் 27 ஆய்வுகளைத் தொகுத்து, 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளை வைத்து எடைபோட்டபோது, இந்த விதி முறிவுகளை ஏறத்தாழ முழுமையாகவே பிடித்துவிடுகிறது என்று தெரிந்தது. 30 முதல் 40 விழுக்காடு எக்ஸ்-ரேக்களைத் தவிர்க்கலாம் என்றும் கணக்கிட்டார்கள்.

விரலுக்கு இது பெரிய வெற்றி. ஆனால் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ‘முறிவு இல்லை’ என்று சொல்வதில்தான் விதி வலுவானது. வலி இருப்பதாலேயே முறிவு என்று சொல்லிவிட முடியாது, வலிப்போரில் பலருக்கு வெறும் சுளுக்குதான். அதைவிட முக்கியமாக, நோயாளிக்கு வலி உணரும் திறன் இருக்க வேண்டும். மது அருந்தியவர், நினைவு மங்கியவர், வேறு பெரிய காயத்தின் வேதனையில் இருப்பவர் ஆகியோரிடம் விரல் பேசாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் அப்படியே. அத்தகையோர் ஏராளமாக உள்ள தமிழ்நாட்டில் இந்த விதிவிலக்கை ஓர் அடிக்குறிப்பாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது.

மணிக்கட்டுக்கு வந்தால் கேள்வி தலைகீழாகிறது. கையை ஊன்றி விழுந்தவரின் பெருவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஸ்கேபாய்டு என்ற சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்-ரே இந்த முறிவைக் கணிசமான பேரிடம் காட்டுவதில்லை. அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. ஆகவே முறிவைக் கவனிக்காமல் விட்டால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகலாம், வருங்காலத்தில் மூட்டே தேய்ந்துபோகலாம். அதனால்தான் படம் சுத்தமாக இருந்தாலும் கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாட்களில் மறுபடி பார்க்கிறார்கள்.

இதற்கு எதிரான வாதமும் வலுவானது. அப்படிக் கட்டுப்போடப்பட்டோரில் பெரும்பாலோருக்கு முறிவே இருக்காது. தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு வலதுகையை இரண்டு வாரம் கட்டிவைப்பது சின்ன விஷயமல்ல. சீக்கிரமே எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஐயம் தீரும். அதாவது விரல் எழுப்பிய கேள்வியை இன்னொரு, மேலான படம்தான் தீர்த்துவைக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் விரலுக்கு மட்டும் வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது.

விரலுக்கு வேலையே இல்லாத இடமும் உண்டு. இடி விழுந்ததுபோல் திடீரென்று கடும் தலைவலி வருகிறது, மற்றபடி பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது. மூளையின் உறையிடுக்கில் ரத்தம் கசிகிறதா என்று சி.டி. ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். 2011இல் வெளியான கனடிய ஆய்வு 3,132 பேரைப் பார்த்தது. தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்த ஸ்கேன்கள் கசிவு ஒன்றையும் தவறவிடவில்லை. அதற்குப் பின் எடுத்தவற்றில் கண்டுபிடிப்பு சுமார் 86 விழுக்காட்டுக்கு இறங்கியது. இங்கே படம் வெல்கிறது. ஆனால் அந்தப் படத்தின் மதிப்பை நிர்ணயிப்பது “எத்தனை மணிக்குத் தொடங்கியது?” என்ற கேள்விக்கு நோயாளி சொல்லும் பதில். அந்த நேரம் ஸ்கேன் கேட்டு எழுதும் தாளில் இல்லையென்றால் ‘கசிவு இல்லை’ என்ற அறிக்கையை எவ்வளவு நம்பலாம் என்று யாராலும் சொல்ல முடியாது.

படத்தைப் படிப்பதும் ஒரு மனிதக் கண்தான். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுரையீரல் சி.டி. படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி, கட்டி தேடும்படி 24 கதிரியல் மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. அவர்களில் பலரின் பார்வை அந்த உருவத்தின்மீதே நின்று கடந்திருந்தது. அவர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. கேட்கப்பட்டதைத்தான் கண் தேடும். அப்படியானால் நோயாளியின் விவரம் சொல்வது படிப்பவரை ஒருபக்கம் சாய்த்துவிடாதா? நியாயமான அச்சம். ஆனால் 2004இல் இதுபற்றி வெளியான தொகுப்பாய்வு, விவரம் தெரிந்து படிக்கும்போது நோய் கூடுதலாகப் பிடிபடுகிறது, பொய்யான கண்டுபிடிப்பு அதனால் பெருகவில்லை என்றே முடித்தது. வெறும் ‘வலது மணிக்கட்டு எக்ஸ்-ரே’ என்று எழுதி அனுப்பும் சீட்டு படிப்பவரின் பாதிக் கண்ணைக் கட்டிவிடுகிறது.

படத்தில் எதுவோ தெரிவதும் விடையாகிவிடாது. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 52 விழுக்காட்டினருக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் குறைந்தது ஒன்றாவது புடைத்திருந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருபவரின் படத்திலும் அதே புடைப்பு தெரியலாம். வலிக்கு அதுதான் காரணமா என்பதைக் காலின் வலுவும் உணர்ச்சியும்தான் சொல்லும்.

ஆகவே என் தீர்ப்பு விரலின் பக்கம், நிபந்தனையோடு. வலியை உணர்ந்து சொல்லக்கூடிய நோயாளியிடம் பரிசோதனை முதலில் நடக்க வேண்டும். எங்கே வலி, எதைச் சந்தேகிக்கிறோம், எப்போது தொடங்கியது என்ற மூன்றும் படத்துக்கு முன்பே சீட்டில் ஏற வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்து படம் சுத்தமாக வந்தால், தோற்றது அந்தப் படம்தான். வேறு கோணத்திலோ, வேறு கருவியிலோ, வேறு நாளிலோ அதைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வலிப்புக்கோ மின்னதிர்ச்சிக்கோ பிறகு தோள் பின்பக்கமாக நழுவியவருக்கு முன்னிருந்து எடுத்த படம் இயல்பாகவே தோன்றக்கூடும், ஆனால் கையை வெளிப்புறமாகத் திருப்ப அவரால் முடியாது. அக்குள் வழியாக எடுத்த படம் அதைக் காட்டிக்கொடுக்கும். உணர்ச்சியற்றவரிடமும் நினைவற்றவரிடமும் மட்டும் இந்த வரிசை மாறி, படம் முந்தலாம்.

நெரிசலான இரவுப் பணியில் இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்பார்கள். கணுக்காலை அழுத்தி, நாலடி நடக்கவைத்துப் பார்க்க ஓரிரு நிமிடம் போதும், எக்ஸ்-ரே அறையின் வரிசை அதைவிட நீளமானது. நேரத்தை உண்மையிலேயே கேட்பது வேறொன்று: ஐயத்தோடு வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவரின் சீட்டிலும், வலி தீரவில்லையென்றால் எந்தத் தேதியில், யாரிடம் திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அதை அவருக்குப் படித்தும் காட்டுவது. மருத்துவமனைகள் ஆள் போட வேண்டிய இடம் அது.